‘வயசு அப்படி’ என்று விட்டுவிடலாமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மாவட்டத்தில் மனநலத் துறையில் வேலை செய்யும் செவிலியர், சமூகப் பணியாளர், உளவியலாளர் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. நாளிதழ்களில் மனநலம் பற்றிய பேச்சு பொதுத்தேர்வோடும் நீட் தேர்வோடும் வந்து அவற்றோடு போய்விடுகிறது. ஆனால் தொட்டில் குழந்தை முதல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி வரை, ஒவ்வொரு வயதிலும் தலைகாட்டும் நோய்கள் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றை நம் கண்ணிலிருந்து மறைப்பதும் அந்த வயதுதான். குழந்தை பேசவில்லையா, ‘அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு.’ பதினாறு வயதுப் பெண் அறையை விட்டு வெளியே வரவில்லையா, ‘வயசுக் கோளாறு.’ பிள்ளை பெற்றவள் அழுகிறாளா, ‘பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்.’ பெரியவர் வழி மறந்து தெருமுனையில் நிற்கிறாரா, ‘வயசாச்சுல்ல.’ இந்தச் சமாதானங்களில் மாதங்களும் வருடங்களும் கரைந்துபோகின்றன. சிகிச்சை எளிதாகப் பலிக்கும் காலமும் அதுவே என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

பல நாடுகளில் நடந்த 192 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2022இல் வெளியானது. மனநோய் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு 14 வயதுக்குள்ளும், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 18 வயதுக்குள்ளும், 100க்கு 62 பேருக்கு 25 வயதுக்குள்ளும் நோய் தொடங்கியிருந்தது. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. நோயைப் பொறுத்து, 100க்கு 70 பேர் முதல் 92 பேர் வரை சிகிச்சைக்கே வந்திருக்கவில்லை.

குழந்தைகளைப் பொறுத்தவரை கணக்கு எளிது. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். 16 மாதத்தில் தனிச்சொற்கள், 2 வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல் சேர்ந்த பேச்சு. இவை வராவிட்டாலும், வந்த பேச்சு நின்றுபோனாலும் காத்திருக்கக் கூடாது. முதலில் காதுப் பரிசோதனை, அடுத்து மாவட்டத்தின் ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம். செல்போனைப் பிடுங்கினால் ஆட்டிசம் போய்விடும் என்று நினைத்து ஆறு மாதம் பார்க்கிறவர்கள் உண்டு. செல்போன் பேச்சைத் தாமதப்படுத்தும், ஆட்டிசத்தை உண்டாக்காது. பள்ளி வயதில் அடங்காத துறுதுறுப்பு நோயா சேட்டையா என்று பிரிக்கவும் வழி இருக்கிறது. 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு பள்ளி இரண்டிலும் தெரிய வேண்டும். பெண் குழந்தைகளிடம் இது ஓட்டமாகத் தெரியாமல், வகுப்பில் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பதாகத் தெரியும். அதனால் பெண்கள் கணக்கில் வராமலே போகிறார்கள். எழுத்து தலைகீழாக வரும், வாசிப்பு தடுமாறும் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. அதற்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கியபின் ஓடாமல், ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே பரிசோதனைக்கு வந்துவிடுங்கள்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளை பொய் சொல்வதில்லை. பயம் வயிற்றில்தான் பேசுகிறது. ‘சரி, இன்னிக்கு லீவு’ என்று நிறுத்தும் ஒவ்வொரு நாளும் மறுநாள் போவதைக் கடினமாக்கும். வகுப்பாசிரியரிடம் பேசி, முதல் இரண்டு பீரியடாவது உட்காரவைத்து, மெல்ல நேரத்தைக் கூட்டுவதே சரி.

வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு சோகமாக வருவதைவிட எரிச்சலாக வருவது அதிகம். தட்டைத் தள்ளிவிடுவது, கதவை அறைவது, நண்பர்களை விடுவது, இரவில் விழித்துப் பகலில் தூங்குவது. இவற்றில் சில எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். ஒரே நேரத்தில் பல சேர்ந்து, பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, படிப்பும் சாப்பாடும் குலைந்தால் அது வயசுக் கோளாறு இல்லை. விடுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த மாற்றம் தெரியவே வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடப் போனில் ‘நல்லா இருக்கேன்’ என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். மாதம் ஒருமுறையாவது நேரில் போய், உடம்பு இளைத்திருக்கிறதா, முழங்கைக்குக் கீழே கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘செத்துப் போகலாம்னு தோணுதா’ என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. நேராகக் கேளுங்கள், நடுவில் புத்தி சொல்லாமல் முழுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள், அன்றிரவு தனியாக விடாதீர்கள். விவசாய வீடுகளில் பூச்சிமருந்தைப் பூட்டிய பெட்டியில், சாவி வேறொருவர் கையில் இருக்கும்படி வையுங்கள். உந்துதல் பல நேரங்களில் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். இன்னொன்று: போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனையில் ‘தெரியாம குடிச்சிட்டா’ என்று சொல்லிக் கூட்டிப்போய்விடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. உண்மையைச் சொன்னால்தான் மனநலச் சிகிச்சை கிடைக்கும்.

நாங்கள் அதிகம் சொல்ல விரும்புவது 17 முதல் 30 வயது வரையான காலத்தைப் பற்றி. இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் என்று வரும் மனச்சிதைவு ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவுக்குள் வருகிறது. பெண்களுக்குச் சில வருடங்கள் பிந்தி, சிலருக்கு 45 வயதுக்கு மேல். திடீரென்று வந்ததாகத்தான் வீட்டில் சொல்வார்கள். திரும்பிப் பார்த்தால் மாதக்கணக்கில் அறிகுறி இருந்திருக்கும். சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறைக்கு ஒழுங்காகப் போய்வந்த பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பட்டறையில் யாரோடும் பேசுவதில்லை. பிறகு குளிப்பது குறைகிறது. இரவெல்லாம் விழிப்பு. ஜன்னலைத் துணியால் மறைக்கிறான். அம்மா போட்ட சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்குகிறான். தனியாகச் சிரிக்கிறான். சோம்பேறி என்று முதலில் திட்டு விழும், அடுத்து காதல் தோல்வி, அடுத்து செய்வினை. கடைசியில் யாராவது ஒரு பெரியவர் சொல்வார்: ‘ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்.’

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கல்யாணம் எந்த மனநோய்க்கும் மருந்தில்லை. மறைத்துச் செய்த கல்யாணத்தில் அந்தப் பெண்ணின் வாழ்க்கை போகிறது. புது இடம், தூக்கமின்மை, மருந்தை ஒளித்துச் சாப்பிட வேண்டிய நிலை எல்லாம் சேர்ந்து நோயும் திரும்புகிறது. சிகிச்சையில் நிலையாக இருப்பவர், உண்மையைச் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக வாழலாம். கோயிலுக்குப் போவதையும் நாங்கள் தடுக்கவில்லை. போங்கள், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். சங்கிலியால் கட்டிவைக்கும் இடத்தில் மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

மருந்து தொடங்கியபின் என்ன நடக்கும் என்பதைக் குடும்பம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். தூக்கமின்மையும் பதற்றமும் முதல் இரண்டு வாரத்தில் அடங்கும். காதில் குரல் கேட்பதும் சந்தேகமும் குறைய 4 முதல் 6 வாரம் பிடிக்கும். கை நடுக்கம், உடல் விறைப்பு, எச்சில் ஒழுகுதல், ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு வந்தால் மருந்தை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ மாற்றியோ சரிசெய்துவிடலாம். மூன்றாம் மாதம்தான் ஆபத்தான மாதம். பையன் நன்றாக இருக்கிறான், மாத்திரை எதற்கு என்று நிறுத்துவார்கள். நிறுத்திய மறுநாளே ஒன்றும் ஆகாது. வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து நோய் திரும்பும். அதனால் மாத்திரையை நிறுத்தியதற்கும் நோய் திரும்பியதற்கும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. முதல்முறை வந்த நோய்க்கே ஒன்றிலிருந்து இரண்டு வருடம் மருந்து வேண்டும். தினமும் விழுங்க மறுப்பவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது.

இதே வயதில் வரும் இன்னொன்று இருமுனைக் கோளாறு. சில வாரம் தூக்கமே தேவைப்படாத உற்சாகம், கட்டுக்கடங்காத செலவு, பெரிய பெரிய திட்டங்கள். பிறகு மாதக்கணக்கில் படுக்கை. இதற்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மாத்திரையை எடுப்பவர்கள் சேலத்துக் கோடையில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். வெள்ளி உருக்கும் பட்டறை, ஜவ்வரிசி ஆலைக் களம், தறிக்கூடம் எங்கே வேலை செய்தாலும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். திடீரென்று உப்பைக் குறைக்கக் கூடாது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வாங்கிப் போடக் கூடாது. அவையும் லித்தியத்தை ஏற்றும். பெரிதாகக் கை ஆடுவது, வாந்தி, பேதி, நாக்குழறல், தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தப் பரிசோதனை கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் கணக்கே தப்பாகிவிடும்.

பிரசவத்துக்குப் பின் மூன்று வேறு நிலைகள் உண்டு. மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுகை வருவது மிகப் பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். போகாமல் நீடித்து, குழந்தை மேல் பற்றே வரவில்லை, குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது மனச்சோர்வு. தைராய்டு, ரத்தசோகை பரிசோதித்துவிட்டுச் சிகிச்சை தொடங்க வேண்டும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, பால் நிறுத்த வேண்டாம். மூன்றாவது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், இரண்டு மூன்று இரவு தூக்கமில்லாமல் தொடங்கி, ‘இது என் குழந்தை இல்லை’, ‘குழந்தைக்குள்ள ஏதோ இருக்கு’ என்று பேச ஆரம்பிப்பார். காத்து கருப்பு என்று விபூதி போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கும் நேரமில்லை இது. அந்த இரவே மருத்துவமனை. குழந்தையையும் தாயையும் தனியாக ஒரே அறையில் விடக்கூடாது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். பிரசவம் தாய்வீட்டில், கர்ப்பகாலப் பதிவு புகுந்த வீட்டு ஊரில் என்று இருக்கும்போது, எந்த ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் போய்ப் பார்ப்பது என்பதில் இடைவெளி விழுகிறது. ஏற்கெனவே இருமுனைக் கோளாறு இருந்த பெண்ணுக்கு அந்த மூன்றாவது நிலை வரும் ஆபத்து பல மடங்கு. அந்தத் தகவல் கர்ப்பிணி அட்டையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இருமுனைக் கோளாறுக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் வால்புரோயேட் மாத்திரையை எடுக்கும் இளம்பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அது கருவைப் பாதிக்கும்.

முப்பதுக்கு மேல் ஆண்களின் கதை பெரும்பாலும் குடியோடு கலந்து வருகிறது. குடியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று பேசுவதில்லை. தினமும் குடித்தவர் நிறுத்திய 6 மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு குழம்பும், சுவரில் பூச்சி ஊரும், படுக்கையில் கிடந்தபடியே தொழில் செய்வார்கள். நெசவாளி இல்லாத நாடாவை வீசுவார். கொலுசு வேலைக்காரர் காற்றில் வளையம் கோப்பார். இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

இது கூடும் காலங்கள் எங்களுக்குத் தெரியும். கார்த்திகை பிறந்து மாலை போடும் வாரம் ஒன்று. கால் உடைந்து மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் இன்னொன்று. மாலை போடுவது நல்ல வாய்ப்புத்தான், வீணாக்க வேண்டாம். மாலைக்கு ஒரு வாரம் முன்பே வந்து, நடுக்கத்துக்கு மாத்திரை வாங்கி, அதைப் படிப்படியாகக் குறைத்தால் விரதமும் நிற்கும், உயிரும் நிற்கும். வேறு எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்த்தாலும், ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மானம் பார்க்காமல் சொல்லுங்கள். சோர்ந்து கிடக்கும் குடிநோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போட வேண்டும். அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, பார்வை தடுமாறி, ஞாபகசக்தி நிரந்தரமாகவே போய்விடலாம். ‘பி1 போட்டாச்சா’ என்று கேட்பது தவறில்லை.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து என்று விற்கப்படுவதை எந்த மனைவியும் வாங்கக் கூடாது. அதில் டைசல்பிராம் என்ற மருந்து இருக்கலாம். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலர் இறந்தும் போவார்கள். கடைசி வேளை கொடுத்து இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். நோயாளியின் சம்மதத்தோடு, கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதித்தபின் கொடுக்க வேண்டிய மருந்து அது.

நாற்பது ஐம்பதுகளில் வரும் மனச்சோர்வு உடம்பு வழியாகப் பேசும். உடம்பெல்லாம் எரிச்சல், நெஞ்சில் கனம், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. ஸ்கேன், ஈசிஜி எல்லாம் நார்மல் என்று வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாதவிடாய் நிற்கும் வயதிலும் கூடுகிறது. மருந்து வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். குணமான பிறகும் 6 மாதமாவது தொடர வேண்டும். இதற்குப் பதிலாகத் தூக்க மாத்திரையை மட்டும் வருடக்கணக்கில் வாங்கிப் போடுவது நோயைத் தொடாது, புதிய அடிமைத்தனத்தைத்தான் உண்டாக்கும். ஏற்கெனவே அப்படிப் போடுபவர்கள் ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

முதுமையில் மூன்றைப் பிரித்தறிய வேண்டும். மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் திடீரென்று வந்து, பகலில் தெளிந்து இரவில் உளறினால் அது மறதிநோய் இல்லை, உடம்பில் வேறு கோளாறு. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், அல்லது ‘உப்பு குறைந்துவிட்டது’ என்று சொல்கிறோமே, அது. ரத்தக்கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரையும் போட்டு, சோற்றில் உப்பையும் அறவே விட்டவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது. அன்றே ரத்தத்தில் சோடியம் என்ற அந்த உப்பின் அளவைப் பார்க்க வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக் குழப்பமும் தூக்கமும் வந்தால் தலையில் ரத்தம் கட்டியிருக்கலாம். அது அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடியது. இரண்டாவது மனச்சோர்வு. கேட்டதற்கெல்லாம் ‘எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை’ என்று முயலாமலே சொல்வார். துணையை இழந்த பின் அதிகம். மூன்றாவது உண்மையான மறதிநோய். அவர் ஞாபகம் இல்லை என்று சொல்லமாட்டார், சமாளிப்பார். இது வருடக்கணக்கில் மெல்ல வரும். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ‘மருமக என் நகையை எடுத்துட்டா’ என்ற குற்றச்சாட்டு இந்த நோயின் அறிகுறியாக அடிக்கடி வரும். வைத்த இடம் மறந்துபோகிறது, மூளை அந்த இடைவெளியைச் சந்தேகத்தால் நிரப்புகிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. பி12, தைராய்டு பரிசோதனை, காதுகேட்கும் கருவி, சளிக்கு வாங்கும் தூக்கம் தரும் மாத்திரைகளை நிறுத்துவது ஆகியவற்றிலேயே சிலருக்கு நல்ல முன்னேற்றம் தெரியும்.

ஏற்காட்டுக் கிராமங்களுக்கு வேறொரு கஷ்டமும் இருக்கிறது. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் மாத்திரை வாங்கச் சேலம் இறங்கினால் ஒரு நாள் கூலி போகிறது. பஸ் செலவு தனி. கூட வருபவருக்கும் கூலி போகிறது. அப்படி விட்டுப்போகும் ஒரு மாத மாத்திரைதான் பலருக்கு நோயைத் திருப்பிக் கொண்டுவருகிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. நிலையாக இருக்கும் மனநோயாளிகளின் மாத்திரையும் எல்லா மலைக் கிராமங்களுக்கும் அதே பையில் போக வேண்டும், இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். டாக்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது எளிதில் நடக்கும்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருவது அந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஓமலூர், ஆத்தூர், மேட்டூர், ஏற்காடு என்று எந்த ஊரில் எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதைத் திட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்கி, வாரம் ஒருமுறை மின்தடை அறிவிப்புக்குப் பக்கத்தில் போடுங்கள். கூடவே 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐயும் போடுங்கள். கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.

இப்படிக்கு,
மனநலப் பணியாளர்கள் சிலர்,
சேலம்.